புத்தா ஏர் மவுண்டன் ஃப்ளைட்: காத்மாண்டுவிலிருந்து எவரெஸ்ட் வரை ஒரு மணி நேரம்

காத்மாண்டுவில் ஏறி, எவரெஸ்ட் பக்கம் போய்த் திரும்பி, காத்மாண்டுவிலேயே இறங்கும் பயணம் இது. கொடுக்கும் காசு முழுக்க ஒரு ஜன்னலுக்கும் அதற்கு வெளியே தெரிவதற்கும்தான். அதனால் மற்ற விமான சேவைகளை எடைபோடுவதுபோல இதை எடைபோட முடியாது. கால் நீட்ட இடம் உண்டா, சாப்பிட என்ன கொடுத்தார்கள் என்பதெல்லாம் இங்கே பேச்சே இல்லை. எந்த மாதம் போகிறோம், அன்றைக்கு எத்தனையாவது பறப்பு, எந்த வரிசை, சுற்றுலாவில் எத்தனையாவது நாள் என்ற நான்கும் சரியாக அமைந்தால் நேபாளத்தில் இதைவிட நிறைவான காலைப்பொழுது கிடைக்காது. இதை நடத்தும் நேபாளத் தனியார் விமான நிறுவனமான புத்தா ஏர் தன் பங்கை நன்றாகவே செய்கிறது. இந்த நான்கையும் கவனிக்க வேண்டியது டிக்கெட் எடுப்பவர். ஏமாந்து திரும்புகிறவர்களில் பெரும்பாலோர் கோட்டைவிடுவது அங்கேதான்.

இந்த நிறுவனம் பிறந்ததே இந்த ஒரு மணி நேரப் பறப்பில்தான். 1992இல் நேபாளம் உள்நாட்டு வான்வழியைத் தனியாருக்குத் திறந்துவிடும் வரை அரசின் ராயல் நேபாள் ஏர்லைன்ஸ் மட்டுமே பறந்துகொண்டிருந்தது. உச்ச நீதிமன்ற நீதிபதியாகவும் அமைச்சராகவும் இருந்த சுரேந்திர பகதூர் பஸ்னேத்தும் அவருடைய மகன் பீரேந்திர பகதூர் பஸ்னேத்தும் 1996 ஏப்ரலில் புத்தா ஏரைத் தொடங்கினார்கள். 1997 அக்டோபர் 11ஆம் தேதி புத்தம் புதிய பீச்கிராஃப்ட் 1900டி விமானம் ஒன்று எவரெஸ்ட் காட்டக் கிளம்பியது. நிறுவனத்தின் முதல் வணிகப் பறப்பு அதுதான். பொக்காரா, விராட்நகர் போன்ற உள்நாட்டுத் தடங்கள் எல்லாம் அதற்குப் பிறகு வந்தவை. 2008இல் சர்வதேச நிதிக் கழகம் கொடுத்த 1 கோடி டாலர் கடனில் ஏடிஆர் 42 என்ற பெரிய புரொப்பெல்லர் விமானங்கள் இரண்டு வந்தன. 2010 ஜூனில் முதல் ஏடிஆர் 72-500 வந்தது. இன்று உள்நாட்டுத் தடங்களில் பெரிய நிறுவனமாக வளர்ந்துவிட்டாலும் விடியற்காலையில் மலை காட்டும் வேலையை அது விடவில்லை.

விடாததற்குத் தொழில் கணக்கு ஒன்று உண்டு. விடியற்காலையில் நேபாளத்தின் தெற்கே உள்ள தராய் சமவெளி ஊர்களின் விமான நிலையங்கள் பெரும்பாலும் பனிமூட்டத்தில் கிடக்கும். அங்கே போக வேண்டிய விமானம் காத்மாண்டுவில் சும்மா நிற்கும். மலையோ அந்த நேரத்தில்தான் மிகத் தெளிவாகத் தெரியும். சும்மா நிற்கும் விமானத்தை ஒரு மணி நேரம் கிழக்கே ஓட்டித் திருப்பிவிட்டு, பிறகு அதையே அன்றைய வழக்கமான தடங்களுக்கு அனுப்பலாம். பிற்பகலில் மவுண்டன் ஃப்ளைட் இல்லாததற்கும் இதுவே பாதிக் காரணம்; மற்றப் பாதி மேகம். காலை அட்டவணை பனிமூட்டத்தால் நொறுங்கும் நாளில் மலைப் பறப்பு தள்ளிப்போவதற்கும் இங்கேதான் விடை இருக்கிறது. விராட்நகர் போக 70 பேர் காத்திருக்கும்போது நிறுவனம் யாரை முதலில் ஏற்றும் என்று யோசித்தால் போதும்.

கட்டணம் ஏன் அதே தூர உள்நாட்டுப் பயணத்தைவிட அதிகம் என்பதும் இந்தக் கணக்கில்தான் வரும். ஏடிஆர் விமானத்தில் நடைபாதையின் இரு பக்கமும் இரண்டிரண்டு இருக்கைகள். மவுண்டன் ஃப்ளைட்டில் ஜன்னல் இருக்கைகளை மட்டும் விற்கிறார்கள். நடைபாதை ஓர இருக்கைகள் காலியாகவே போகும். ஏறத்தாழ பாதி விமானத்தின் வருமானத்தில் முழு விமானத்தின் எரிபொருள் செலவைக் கட்ட வேண்டும். இதில் பயணிக்கு ஓர் ஆதாயமும் உண்டு. பாதி ஆள், பெட்டி படுக்கை இல்லை, ஒரு மணி நேரத்துக்கான எரிபொருள் என்று எடை குறைவதால் விமானம் சீக்கிரமே மேலே ஏறிவிடும்.

பழைய பீச்கிராஃப்டையும் இன்றைய ஏடிஆரையும் ஒப்பிட்டுச் சொல்ல வேண்டும். பழைய பயணக் குறிப்புகளைப் படித்துவிட்டு வருகிறவர்கள் குழம்புவது இதில்தான். 1900டி விமானத்தில் பக்கத்துக்கு ஒரே இருக்கை, மொத்தம் 19. எல்லா இருக்கையும் ஜன்னல் இருக்கை. விமானி அறையும் கைக்கெட்டும் தூரத்தில். அந்த நெருக்கம் ஏடிஆரில் இல்லை. ஆனால் 1900டியின் இறக்கை உடலின் கீழே இருக்கும். நடு வரிசைகளில் இருந்து பள்ளத்தாக்கைப் பார்த்தால் இறக்கைதான் தெரியும். ஏடிஆரின் இறக்கை கூரைக்கு மேலே இருப்பதால் கீழே பனியாறுகளும் ஷெர்பா கிராமங்களும் தடையில்லாமல் தெரிகின்றன. மலை பார்க்க ஏடிஆர்தான் மேல் என்பது எங்கள் முடிவு.

எந்த வரிசை?

இடது பக்கமா வலது பக்கமா என்று கவுன்ட்டரில் மல்லுக்கட்டுவது வீண். போகும்போது விமானம் கிழக்கு நோக்கிப் பறக்கும்; மலைத்தொடர் வடக்கே, அதாவது இடது பக்கம். திரும்பும்போது அதே தொடர் வலது பக்கம் வந்துவிடும். இடது பக்கத்தவர் மேலேறும்போதே லாங்டாங்கிலிருந்து வரிசையாகப் பார்த்துக்கொண்டே போவார்கள். வலது பக்கத்தவருக்குப் பாதி நேரம் தெற்கே மகாபாரத் மலைகள் மட்டும். ஆனால் விமானம் திரும்பியதும் முழு உயரத்தில் இருந்தபடி எவரெஸ்ட்டே முதலில் அவர்கள் ஜன்னலுக்கு வரும். பக்கத்து இருக்கை காலி என்பதால் எதிர்ப்பக்கத்துக்குக் குனிந்து பார்க்கவும் முடியும். சக பயணிகள் பெரும்பாலும் தாமாகவே இடம் விடுவார்கள்.

மல்லுக்கட்ட வேண்டியது வரிசைக்கு. ஏடிஆரின் இன்ஜின் இறக்கையிலிருந்து முன்னே நீட்டிக்கொண்டிருக்கும். அதன் முனையில் ஆறு இதழ் கொண்ட புரொப்பெல்லர். முன் பகுதியில் சில வரிசைகளுக்கு அந்தச் சுழற்சி நேரே ஜன்னலில் விழும். கண்ணுக்கு அது மெல்லிய நிழல்தான். கைபேசிக் கேமராவோ சென்சாரை வரிவரியாகப் படிப்பதால் இதழ்கள் வளைந்து நெளிந்து படம் முழுக்கக் கோடு போட்டுவிடும். இறக்கைக்குப் பின்னால் உள்ள வரிசைகளைக் கேளுங்கள். பின் வரிசைகளில் சத்தமும் குறைவு. ஏடிஆரில் பயணிகள் ஏறுவது பின் கதவு வழியாக என்பதால் முதியவர்களுக்கு நடையும் குறைவு. இன்னொன்று: ஜன்னல்களின் இடைவெளியும் இருக்கைகளின் இடைவெளியும் ஒன்றல்ல. அதனால் சில வரிசைகளில் ஜன்னல் தோளுக்குப் பின்னால் போய்விடும். உட்கார்ந்ததும் பாருங்கள். மோசமாக இருந்தால் கதவு மூடுவதற்கு முன்பே பணிப்பெண்ணிடம் சொல்லுங்கள். மேலே போன பிறகு மாற்றுவது கடினம்.

விமானி அறைக்கு ஒவ்வொருவராக அழைத்துப்போய் முன் கண்ணாடி வழியாகக் காட்டுவது இந்தப் பறப்புகளில் நெடுநாள் வழக்கம். அது கேப்டனின் விருப்பம்; உரிமையாகக் கேட்கும் விஷயமல்ல.

ஜன்னலில் வரும் மலைகள்

ஏறியதும் சிகரங்களின் உருவரை போட்ட அட்டை ஒன்று கையில் தருவார்கள். பணிப்பெண் வரிசை வரிசையாக வந்து சுட்டிக்காட்டுவார். அவர் வரும் வரை காத்திருந்தால் பாதி மலை நழுவிப் போயிருக்கும். முன்கூட்டியே வரிசையைத் தெரிந்துகொள்வது நல்லது.

மேற்கே முதலில் லாங்டாங் லிருங், 7,227 மீட்டர். அதற்குப் பின்னால் திபெத்துக்குள் ஷிஷாபங்மா, 8,027 மீட்டர். எட்டாயிரம் மீட்டருக்கு மேற்பட்ட பதினான்கில் மிகச் சிறியது, முழுக்கச் சீன எல்லைக்குள் நிற்கும் ஒன்றும் அதுதான். பிறகு கூடாரம்போல டோர்ஜே லாக்பா, 6,966 மீட்டர். அடுத்து இரட்டை முனையோடு கௌரிசங்கர், 7,134 மீட்டர். இந்த இடத்தில் கேமராக்கள் எல்லாம் ஒரே நேரத்தில் ஓடத் தொடங்கும், பலர் இதையே எவரெஸ்ட் என்று நினைத்துக்கொள்வதால். அவர்களைக் குறை சொல்ல முடியாது. 19ஆம் நூற்றாண்டு ஐரோப்பிய வரைபடங்கள் சிலவே எவரெஸ்ட்டுக்கு கௌரிசங்கர் என்று பெயர் போட்டிருந்தன. இரண்டும் வேறு வேறு என்பது 1903இல்தான் அளந்து உறுதியானது. இது பெரிதாகத் தெரியக் காரணம் விமானத்துக்கு அருகே, முன்வரிசையில் நிற்பதுதான்.

கௌரிசங்கருக்குப் பக்கத்தில் திபெத் பக்கமாக மேலுங்ட்சே. பிறகு அகன்ற வெள்ளை முதுகோடு சோ ஓயு, 8,188 மீட்டர். இதைத் தாண்டியதும் கவனத்தைக் கூர்மையாக்க வேண்டும். கியாசுங் காங் 7,952 மீட்டர். எட்டாயிரத்தை எட்டாத மலைகளில் உலகிலேயே உயரமானது. அதற்கு அப்பால் கூம்புபோல புமோரி. அதன் பிறகு ஒரு நீண்ட பனிச்சுவர் குறுக்கே நிற்கும். அதுதான் நுப்சே. அந்தச் சுவருக்கு மேலே பின்னாலிருந்து கறுத்த முக்கோணமாக எட்டிப் பார்ப்பது எவரெஸ்ட். வலது பக்கம் சுவரோடு ஒட்டி லோட்சே, 8,516 மீட்டர்.

சுற்றிலும் எல்லாம் வெள்ளையாக இருக்க உலகின் மிக உயர்ந்த மலை மட்டும் ஏன் கறுப்பு? உச்சியில் வீசும் காற்று செங்குத்தான பாறையில் பனியைத் தங்க விடுவதில்லை. மேற்கிலிருந்து வீசும் மேல்வான் காற்றோட்டம் வலுவாக இருக்கும் குளிர்காலத்தில் சிகரத்திலிருந்து கிழக்கே ஒரு வெண்கொடி பறக்கும். அந்தக் கொடியைத் தேடினாலே எவரெஸ்ட்டைக் கண்டுபிடித்துவிடலாம். உச்சிக்குக் கொஞ்சம் கீழே மங்கிய மஞ்சள் பட்டை ஒன்று ஓடுவது தெளிந்த நாளில் தெரியும். ஒரு காலத்தில் கடலடியில் படிந்த பாறை அது. ஜன்னலில் தெரியும் எத்தனையோ அழகுகளுக்கு நடுவே இந்தப் பட்டையைத் தவறவிடக் கூடாது என்பது எங்கள் வேண்டுகோள்.

எவரெஸ்ட்டுக்கு முன்னால், கீழே, கழுத்தில் பதக்கம் தொங்கவிட்டதுபோல அமா டப்லாம், 6,812 மீட்டர். கிழக்கே தனித்து நிற்கும் நாற்பக்கக் கூம்பு மகாலு, 8,485 மீட்டர். காற்று மிகத் தெளிவான நாளில் வெகு தொலைவில் காஞ்சன்ஜங்காவும் கிடைக்கும்.

எதிர்பார்ப்பு ஒன்றைத் திருத்திக்கொள்ள வேண்டும். எவரெஸ்ட்டின் உயரம் 8,848.86 மீட்டர், நேபாளமும் சீனாவும் சேர்ந்து 2020 டிசம்பர் 8 அன்று அறிவித்த அளவு. அடியில் சொன்னால் 29,000க்குச் சற்று மேல். ஏடிஆர் 72இன் உச்ச வரம்பு 25,000 அடி. ஆக, சிகரத்தைவிட 4,000 அடி கீழேதான் விமானம் பறக்கிறது. எவரெஸ்ட்டை மேலிருந்து பார்க்கப்போகிறோம் என்று வருகிறவர்கள் கண்ணைச் சற்று உயர்த்தித்தான் பார்க்க வேண்டும். விமானம் திபெத் எல்லைக்குள்ளும் நுழையாது. விளம்பரங்களில் வரும் படங்கள் டெலிலென்ஸ் போட்டு எடுத்தவை. ஜன்னல் முழுக்க ஒற்றைச் சிகரம் நிரம்பி நிற்காது. நுப்சே, எவரெஸ்ட், லோட்சே மூன்றும் சேர்ந்த ஒரு கோட்டையாகத்தான் தெரியும். அப்படிப் பார்ப்பதே அதன் உண்மையான கம்பீரம்.

எந்த மாதம்? எத்தனை மணிக்கு?

அக்டோபர் நடுவிலிருந்து நவம்பர் முடிய. இதில் இரண்டாவது கருத்துக்கு இடமில்லை. மழை காற்றைக் கழுவிவிட்டுப் போயிருக்கும், மலையில் புதுப் பனி இருக்கும், காத்மாண்டு பள்ளத்தாக்கில் பனிமூட்டம் இன்னும் தொடங்கியிருக்காது. இன்னொரு காரணத்தை யாரும் சொல்வதில்லை. அந்த மாதங்களில் சூரியன் தென்கிழக்கில் உதிப்பதால் நாம் பார்க்கும் தெற்கு முகங்களில் வெயில் நேராக விழும். மே மாதத்தில் சூரியன் வடகிழக்கில் எழும். விடியற்காலையில் அதே தெற்குச் சுவர்கள் நிழலில் மங்கிக் கிடக்கும்.

டிசம்பர், ஜனவரியில் மலை இன்னும் கூர்மையாகத் தெரியும், தொல்லை காத்மாண்டுவில்தான். இரவில் குளிர்ந்த காற்று பள்ளத்தாக்கின் அடியில் தேங்கிப் பனிமூட்டமாக மாறும். அது விலக ஒன்பது, பத்து மணி ஆகிவிடும் நாட்கள் உண்டு. மேலே வானம் நீலமாக இருக்கும், கீழே ஓடுபாதை தெரியாது. பிப்ரவரி பரவாயில்லை. மார்ச் முதல் மே வரை தூசியும் காட்டுத்தீப் புகையும் சேர்ந்து தொலைவை மங்கலாக்கிவிடும். காலை எட்டரை மணிக்கே மலைச்சரிவில் மேகம் பொங்க ஆரம்பிக்கும். அந்தப் பருவத்தில் முதல் பறப்பு இல்லையென்றால் டிக்கெட்டே எடுக்காதீர்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை மழைக்காலம். இந்தச் சேவையை மறந்துவிடுவதே நல்லது.

முதல் பறப்பு ஆறரை மணியை ஒட்டிக் கிளம்பும். ஒரு மணி நேரம் முன்னதாக உள்நாட்டு முனையத்தில் இருக்க வேண்டும். அது பன்னாட்டு முனையத்தோடு ஒட்டாத தனிக் கட்டடம். டாக்ஸிக்காரரிடம் டொமெஸ்டிக் என்று ஏறும்போதே சொல்லுங்கள். சுற்றுலாப் பயணிகள் அதிகம் தங்கும் தமேல் பகுதியிலிருந்து அந்த விடியல் வேளையில் சுமார் 20 நிமிடம். நேபாள நேரம் இந்திய நேரத்தைவிட 15 நிமிடம் முன்னால். கைபேசி தானாக மாற்றிக்கொள்ளும். கைக்கடிகாரத்தையும் ரோமிங் இல்லாத கைபேசியையும் நம்பி வருகிறவர்கள் அந்தக் கால் மணியில் மாட்டிக்கொள்வார்கள். சோதனையில் லைட்டரும் தீப்பெட்டியும் பிடுங்கப்படும்.

கட்டணத்தில் மூன்று அடுக்கு: நேபாளியருக்கு ஒன்று, இந்தியருக்கு ஒன்று, மற்ற வெளிநாட்டினருக்கு டாலரில் ஒன்று. டாலர் கட்டணம் 200ஐத் தாண்டும். இந்தியருக்கு அதைவிடக் குறைவு. முன்பதிவில் குடியுரிமை என்ற கட்டத்தில் இந்தியா என்று தேர்ந்தெடுத்தால்தான் அந்த விலை வரும். வெளிநாட்டு இணையதளங்கள் பல டாலர் விலையை மட்டுமே காட்டும். இந்தியர் நேபாளம் வர விசா வேண்டாம். பாஸ்போர்ட் அல்லது வாக்காளர் அடையாள அட்டை போதும். மவுண்டன் ஃப்ளைட்டுக்கும் அதையே கையில் வையுங்கள்.

ரத்தானால்

காலநிலையால் பறப்பு ரத்தானால் மறுநாள் இடம் அல்லது முழுப் பணம் என்பது வழக்கம். நேரடியாக நிறுவனத்திடம் எடுத்த டிக்கெட்டுக்குப் பணம் திரும்புவது எளிது. முகவர் வழியாக எடுத்தால் நிறுவனம் அவருக்குக் கொடுத்து, அவர் நமக்குக் கொடுக்க வேண்டும். இன்னொரு நிலைமை சிக்கலானது: விமானம் கிளம்பிப் போய்விட்டது, ஆனால் எவரெஸ்ட் மேகத்துக்குள். பாதி மலை தெரிந்தது, பாதி தெரியவில்லை. வாக்குவாதம் வருவது இங்கேதான். டிக்கெட் எடுக்கும்போதே இதைக் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

ரத்து என்பதைத் தொல்லையாகப் பார்க்காதீர்கள் என்று அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. 2011 செப்டம்பர் 25 அன்று புத்தா ஏரின் பீச்கிராஃப்ட் 1900டி ஒன்று எவரெஸ்ட் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து, காத்மாண்டுவில் இறங்க நெருங்கும்போது தாழ்ந்த மேகத்துக்குள் லலித்பூர் மாவட்டத்தின் கோட்டண்டாவில் காடடர்ந்த மலையில் மோதியது. 16 பயணிகள், 3 பணியாளர்கள், 19 பேரும் இறந்தார்கள். இந்தியர் 10 பேர். அவர்களில் 8 பேர் திருச்சியைச் சேர்ந்தவர்கள், கட்டுமானத் தொழில் சங்கத்தினர். தமிழ்நாட்டிலிருந்து இந்தப் பறப்புக்கு வரும் எவரும் அறிந்திருக்க வேண்டிய செய்தி இது. மழைக்காலத்தின் கடைசி வாரங்கள் அவை. எவரெஸ்ட் அருகே ஆபத்து எதுவும் நேரவில்லை; நேர்ந்தது வீடு திரும்பும் வாசலில். காத்மாண்டு விமான நிலையம் 1,338 மீட்டர் உயரத்தில், ஒரே ஓடுபாதையோடு, மலைகள் சூழ்ந்த கிண்ணத்தில் இருக்கிறது. தென்கிழக்கே புல்சோக்கியும் வடக்கே சிவபுரியும் 2,700 மீட்டருக்கு மேல். மேகம் தாழ்ந்துவிட்டால் அந்தக் கிண்ணத்துக்குள் கண்ணை நம்பி இறங்குவது எத்தகைய ஆபத்து என்பதை அந்த விபத்து காட்டியது.

நேபாள நிறுவனங்கள் எல்லாவற்றையும் ஐரோப்பிய ஒன்றியம் 2013 டிசம்பரிலிருந்து தன் தடைப்பட்டியலில் வைத்திருக்கிறது. தனி நிறுவனத்தின் மீதான தீர்ப்பு அல்ல அது. நாட்டின் கண்காணிப்பு அமைப்பின் மீதான தீர்ப்பு. ஒழுங்குமுறை அதிகாரமும் விமான நிலையங்களை நடத்தும் பொறுப்பும் ஒரே ஆணையத்திடம் இருப்பது நெடுநாள் குறை. 2023 ஜனவரி 15 அன்று பொக்காராவில் எட்டி ஏர்லைன்ஸின் ஏடிஆர் 72 விழுந்து 72 பேர் இறந்ததில், இறக்கையின் ஃபிளாப் பலகைகளை இயக்கும் கைப்பிடிக்குப் பதிலாக, புரொப்பெல்லர்களைக் கட்டுப்படுத்தும் கண்டிஷன் கைப்பிடிகள் இழுக்கப்பட்டு இரண்டு புரொப்பெல்லர்களும் உந்துவிசை இழந்ததை விசாரணை கண்டது. விமான வகையைக் குறைசொல்லி முடிக்கக்கூடியதல்ல இது. அவசரமும் பயிற்சியும் சம்பந்தப்பட்டது. பயணி செய்யக்கூடியது கொஞ்சம்தான், ஆனால் அந்தக் கொஞ்சம் முக்கியமானது: தெளிவான பருவத்தில் மட்டும் போவது, தாமதமானால் கவுன்ட்டரில் கூட்டம் கூடி நெருக்காமல் இருப்பது, நாட்டை விட்டுக் கிளம்பும் நாளில் இதை வைக்காமல் இருப்பது. கடைசி நாளில் வைத்தவர்தான் எப்படியாவது பறக்க வேண்டும் என்று நெருக்குவார். காத்மாண்டு வந்த மறுநாள் காலைக்கு எடுங்கள். ரத்தானால் அடுத்த காலை இருக்கிறது.

உடம்புக்கு இது சிரமமான பயணம் அல்ல. கேபின் அழுத்தம் கட்டுப்படுத்தப்பட்டது; 25,000 அடியிலும் உள்ளே ஏறக்குறைய கொடைக்கானல் உயரத்துக் காற்றுதான். மலைநோய் வராது. சளி பிடித்திருந்தால் இறங்கும்போது காது வலிக்கும். கைக்குழந்தைக்கு அப்போது பால் கொடுங்கள். எவரெஸ்ட் அடிவார முகாம் 5,364 மீட்டரில் இருக்கிறது. லுக்லா விமான நிலையத்தில் இறங்கி ஒரு வாரத்துக்கு மேல் ஏற வேண்டும். முழங்கால் அனுமதிக்காத பெற்றோருக்கு எவரெஸ்ட்டைக் காட்ட இதைவிட எளிய வழி இல்லை.

படம் எடுப்பவர்களுக்கு: போலரைசர் ஃபில்டரைக் கழற்றிவிடுங்கள், விமான ஜன்னலின் அக்ரிலிக்கில் வானவில் திட்டுகள் வரும். லென்ஸை ஜன்னலில் சாய்க்காதீர்கள், அதிர்வு படத்துக்கு ஏறும். ஒரு விரல் இடைவெளி விட்டு, சுற்றிலும் கறுப்புத் துணியால் மறையுங்கள். ஷட்டர் 1/1000. ஆட்டோஃபோக்கஸ் ஜன்னல் கீறலைப் பிடித்துக்கொள்ளும். தொலைவில் நிலைநிறுத்திவிட்டு அணைத்துவிடுங்கள். பனி சாம்பலாக வந்தால் வெளிச்சத்தை மூன்றில் ஒன்றிலிருந்து மூன்றில் இரண்டு படி கூட்டுங்கள். வெள்ளைச் சட்டை போடாதீர்கள், அது ஜன்னலில் பிரதிபலிக்கும். ஜன்னல் கீறலும் மங்கலும் எந்த நிறுவனத்திலும் உள்ள குறை. கட்டணத்தைப் பார்க்கும்போது புத்தா ஏர் இதில் இன்னும் அக்கறை காட்டலாம். கையில் மெல்லிய துணி இருந்தால் உட்பக்கத்தை நாமே துடைத்துக்கொள்ளலாம், வெளிப்பக்கத்துக்கு வழியில்லை.

எட்டி ஏர்லைன்ஸும் ஸ்ரீ ஏர்லைன்ஸும் இதே பறப்பை நடத்துகின்றன. பாதையும் உயரமும் ஏறக்குறைய ஒன்றுதான். கட்டண வித்தியாசத்தைவிட, யாரிடம் அன்றைய முதல் பறப்பில் இடம் இருக்கிறது என்று பார்த்து எடுப்பதே புத்தி. ஹெலிகாப்டர் வேறு வகை. அடிவார முகாமுக்கு அருகே உள்ள காலாபத்தரில், 5,500 மீட்டருக்கு மேலே, சில நிமிடம் தரையில் நிற்கலாம்; எவரெஸ்ட் கண் முன்னே இருக்கும். கட்டணம் பல மடங்கு. காற்று அவ்வளவு மெலிந்த இடத்தில் ஐந்து பேரோடு இறங்க முடியாது என்பதால் வழியில் பெரிசே கிராமத்திலோ வேறிடத்திலோ சிலரை இறக்கிவிட்டு, இரண்டு மூன்று தடவையாகக் கொண்டுபோவார்கள். அழுத்தம் கட்டுப்படுத்தாத ஹெலிகாப்டரில் சட்டென்று அவ்வளவு உயரம் போவதால் தலைசுற்றல் சாதாரணம். இதய நோய் உள்ளவர்களுக்கு அது வேண்டாம்.

முக்திநாத் யாத்திரையோடு இதைச் சேர்ப்பவர்கள் தமிழ்நாட்டிலிருந்து நிறையப் பேர். பொக்காராவிலிருந்து, முக்திநாத்துக்கு அருகே உள்ள ஜோம்சோம் போகும் விமானமும் காலையில் மட்டும்தான், காலி கண்டகி பள்ளத்தாக்கில் முற்பகலுக்குப் பிறகு காற்று பலமாகிவிடும். காலநிலையை நம்பிய பறப்புகள் இரண்டு ஒரே சுற்றுலாவில் வருவதால் காத்மாண்டுவில் ஒரு நாளும் பொக்காராவில் ஒரு நாளும் உபரியாக வையுங்கள். மவுண்டன் ஃப்ளைட்டுக்குக் காசு ஒதுக்க முடியாதவர்களுக்கும் வழி உண்டு. காத்மாண்டுவிலிருந்து பொக்காரா போகும் காலை விமானத்தில் வலது பக்க ஜன்னலைக் கேளுங்கள்; கணேஷ் ஹிமால், மனாஸ்லு, அன்னபூர்ணா வரிசையாக வரும். நேபாளத்தின் கிழக்குக் கோடியில் உள்ள பத்ரபூர் போகும் விமானத்தில் இடது பக்கம் உட்கார்ந்தால், இன்னும் தாழ்வாகவும் தொலைவாகவும் என்றாலும், கௌரிசங்கரில் தொடங்கி எவரெஸ்ட், மகாலு வரை அதே வரிசை தெரியும். சாதாரண உள்நாட்டு டிக்கெட் போதும்.